மூன்று பவுன்

காந்திஜியின் ‘சத்திய சோதனை’யில், ஜோஹானஸ்பர்க் வீட்டு வாழ்க்கையைச் சொல்லும் அத்தியாயத்தில், மாவரைக்கும் கையியந்திரம் ஒன்று வருகிறது. கடை ரொட்டியை விலக்கித் தவிடு நீக்காத கோதுமை மாவில் வீட்டிலேயே ரொட்டி சுட்டுக்கொள்வது என்று தீர்மானமான பிறகு, 7 பவுன் கொடுத்து அவர் வாங்கியது அது. அதன் இரும்புச் சக்கரம் தனி ஒருவர் சுற்ற மாட்டாத கனம். இருவர் கூடினால் சிரமமில்லை. தாமும் நண்பர் போலக்கும் குழந்தைகளும் அதைச் சுற்றுவது வழக்கம் என்று எழுதுகிறவர், தம் மனைவியும் எப்போதாவது கைகொடுப்பதுண்டு என்கிறார். ஆனால் மாவரைக்கும் அந்த வேளைதான் கஸ்தூரிபா அடுக்களைக் காரியங்களைத் தொடங்கும் வேளையும் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கு அது எப்படி நல்ல தேகப்பயிற்சியாக அமைந்தது என்ற சங்கதிக்குப் போய்விடுகிறார். அவரால் போக முடிந்த அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கூடத்தில் ஒரு பாரிஸ்டரும் ஒரு பத்திரிகைக்காரரும் சிரித்துப் பேசிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். உள்ளே ஒரு ஸ்திரீ அடுப்பு மூட்டுகிறாள். இரண்டும் ஒரே ரொட்டிக்காக நடக்கிற வேலைதான். ஆயினும் ஒன்றுக்குப் பரீட்சை என்று பெயர் வந்துவிட்டது, மற்றதற்கு ஒரு பெயரும் வரவில்லை, அது அன்றாடம். இது காந்திஜியின்மேல் குற்றம் காணும் புத்தி என்று வாசகர் நினைக்க வேண்டாம். தாமாகவே அந்த வாக்கியத்தை எழுதிவைத்தவர் அவர். மறைக்க நினைத்திருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போய், குறைந்த செலவில், தம் கையால் விளைவித்ததை உண்டு வாழ வேண்டும் என்ற ஆசை இப்போது என் சிநேகிதர் பலரைப் பிடித்திருக்கிறது. அந்த ஆசையின் காற்று என்மேலும் அடிக்காமல் இல்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வு பெறும் வயதுக்கு இருபது வருஷம் பாக்கி இருக்கும்போதே மனம் சலித்தவர்களும், ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வாங்கி, கிணறு வெட்டி, மண் சுவர் வைத்து வீடு கட்டிக்கொண்டு, தங்கள் தோட்டத்துக் கத்தரிக்காயைப் பற்றி, அதற்கு முன் உலகத்தில் கத்தரிக்காய் என்ற வஸ்துவே இருந்ததில்லை என்பது போல, வாஞ்சையோடு பேசுகிறார்கள். அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வருவதில்லை. வெயிலில் நின்று கறுத்த அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. பொய்யாக வரவழைத்துக்கொள்ளக்கூடிய தெளிவு அன்று அது. இருந்தாலும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதெல்லாம், அந்த மண் சுவர் வீட்டுக்கு, சிமெண்டு வீட்டுக்கு ஆவதைவிட அதிகமாகச் செலவாயிற்று என்று அவர்கள் பெருமையும் வெட்கமும் கலந்து சொல்வதைக் கேட்கும்போது, நெஞ்சில் ஒரு சிறு உறுத்தல் தோன்றுகிறது. இந்தச் சிக்கனத்துக்கு யார் செலவு செய்கிறார்கள் என்பதே அந்த உறுத்தல். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறபோதெல்லாம் நான் தென்னாப்பிரிக்காவில் போய் நிற்கிறேன்.

1904-இல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில், போலக் கையில் கொடுத்த ரஸ்கினின் புத்தகத்தை இரவெல்லாம் தூங்காமல் படித்து, உழைப்பாளியின் வாழ்வே வாழத் தகுந்த வாழ்வு என்று நிச்சயித்துக்கொண்டு காந்திஜி இறங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்த லௌகிக விவகாரங்கள்தாம் எனக்கு அதைவிட ருசியாக இருக்கின்றன. டர்பனிலிருந்து பதினான்கு மைல், பீனிக்ஸ் ரயில் நிலையத்திலிருந்து இரண்டரை மைல் தூரத்தில், ஓர் ஊற்றும் சில ஆரஞ்சு, மாமரங்களும் இருந்த 20 ஏக்கரும், அதை ஒட்டிப் பழமரங்களும் ஓர் இடிந்த குடிசையுமாகக் கிடந்த 80 ஏக்கரும் சேர்த்து 1,000 பவுனுக்கு வாங்கப்பட்டன. புல் மண்டிப் பாம்பு நிறைந்த பூமி. சாதாரணக் குடியானவனுக்கு ஏற்றபடி, மண் சுவரும் வைக்கோல் கூரையுமாகக் குடிசைகள் போடவேண்டும் என்பதே முதலில் எண்ணம். அது கைகூடவில்லை, காரணத்தைக் காந்திஜியே சொல்கிறார்: குடிசைக்குச் செலவும் அதிகம், காலமும் அதிகம். ஆகவே நெளிதகட்டு வீடுகள் எழும்பின. ஆலையில் அடித்து நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும் தகடு மலிவு. பக்கத்து மண்ணைக் குழைத்து, பக்கத்துப் புல்லைக் கட்டி எழுப்பும் குடிசைதான் விலை உயர்ந்தது என்கிற விசித்திரத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துபோகிறார். மண்ணும் புல்லும் குடியானவனுக்கு மலிவாக இருப்பது, அவன் தன் உழைப்பையும் தன் வீட்டாருடைய உழைப்பையும் கணக்கில் சேர்க்காததால்தான். கணக்கு எழுதத் தெரிந்தவன் குடிசை போட வந்த அந்தக் கணத்திலேயே குடிசை விலை ஏறிவிடுகிறது. என் சிநேகிதர்களின் மண் வீடுகளுக்கும் இதற்குமேல் ஒரு விளக்கம் வேண்டியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அச்சுக்கூடமும் காந்திஜியின் ‘இந்தியன் ஒப்பீனிய’னும் அங்கே குடிபெயர்ந்தன. ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என்று நான்கு பாஷைகளில் அச்சான பத்திரிகை அது. அங்கே முதல் இதழ் அச்சேற வேண்டிய இரவிலேயே எண்ணெய் என்ஜின் அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டது. கையால் சுற்றும் சக்கரம் ஒன்றை முன்ஜாக்கிரதையாக வைத்திருந்தார்கள், அதற்கு நான்கு ஆள் பலம் வேண்டும். வேலை முடித்து அங்கேயே படுத்திருந்த தச்சர்களை எழுப்பி, அவர்களோடு காந்திஜியும் மற்றவர்களும் முறை போட்டுக்கொண்டு, விடிய விடியச் சுற்றி இதழை முடித்தார்கள். காலையில் என்ஜின் ஒன்றும் நடவாதது போல ஓடத் தொடங்கியது. பிற்பாடு சில காலம் என்ஜினை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுக் கையாலேயே அச்சிட்டார்கள் என்றும், அந்த நாட்களே பீனிக்ஸின் மிக உயர்ந்த நாட்கள் என்றும் காந்திஜி கருதினார். அப்படி இருந்திருக்கலாம். எனக்கு அந்தத் தச்சர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்தால் தேவலை. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, சிணுங்காமல் வந்து சக்கரத்தைப் பிடித்தவர்கள். பகல் முழுவதும் வாளும் உளியும் பிடித்த கை அவர்களுடையது. அந்த இரவு அவர்களுக்கும் ஆத்மீக அனுபவமாக இருந்ததா, அல்லது எஜமானர்கள் நல்லவர்கள், கேட்டுக்கொண்டார்கள், செய்தோம் என்ற அளவில் முடிந்துபோன ஓர் அதிகப்படி வேலையாக இருந்ததா?

பீனிக்ஸை ஸ்தாபித்தவருக்கே அங்கே வசிக்கக் கொடுத்துவைக்கவில்லை. மெல்ல மெல்ல வக்கீல் தொழிலை விட்டுவிட்டு அங்கேயே வந்து உடலுழைப்பால் ஜீவிப்பது என்பது அவர் மனோரதம்; நடந்ததோ நேர்மாறு. ஜோஹானஸ்பர்க்கில் கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள், இந்தியர் உரிமைப் போராட்டமும் காத்திருந்தது, பத்திரிகையின் நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு காலத்தில் மாதம் 75 பவுன் வரை அவர் அனுப்ப வேண்டியிருந்தது, நீதிமன்றத்தில் சம்பாதித்த பணத்திலிருந்து. நாட்டுப்புறத்து எளிமை நகரத்து வருமானத்தின் நிழலில் வளர்ந்தது என்று இதைச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். பணம் எங்கிருந்து வந்தாலும் பாம்பு பாம்புதான். புல்லை வெட்டியவன் கையில் காய்ப்பு ஏறத்தான் செய்தது. என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொரு தொகை. பீனிக்ஸில் நிறம், தேசம் என்ற பேதமின்றி, எல்லோருக்கும் ஜீவனத்துக்கு மாதம் 3 பவுன் என்று விதித்துக்கொண்டார்கள். இதைப் படிக்கும் தமிழன் ஒருவனுக்கு அந்த மூன்று என்ற எண்ணில் கண் நின்றுபோகாமல் இராது. ஏனென்றால் பீனிக்ஸ் இருந்த அந்த நேட்டாலிலேயே, அதே காலத்திலேயே, இன்னொரு மூன்று பவுன் இருந்தது.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் தெலுங்கு தேசத்திலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு, தங்க இடமும் படி அரிசியும் போக, முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி, ஐந்தாம் வருஷம் 14 ஷில்லிங். ஐந்து வருஷம் முடிந்ததும் மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, அல்லது ஊர் திரும்பு. இரண்டும் மாட்டேன், சுதந்திரமாக இங்கேயே பிழைப்பேன் என்றால் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்டு என்று 1895-இல் சட்டம் வந்தது. 25 பவுன் கேட்டிருந்தார்கள். இந்திய சர்க்கார் மனமிரங்கி மூன்றாகக் குறைத்துச் சம்மதித்தது. புருஷனுக்கு மூன்று, பெண்ஜாதிக்கு மூன்று, பதின்மூன்று வயதான பெண்ணுக்கும் பதினாறு வயதான பையனுக்கும் மும்மூன்று. நால்வர் உள்ள குடும்பத்துக்கு 12 பவுன். பவுனுக்கு இருபது ஷில்லிங். பீனிக்ஸில் ஒருவர் சிக்கன வாழ்வின் எல்லையாகத் தமக்கு விதித்துக்கொண்ட ஒரு மாதத் தொகை, அங்கிருந்து கூப்பிடு தூரத்துக் கரும்புக் கொல்லையில் நின்றவனுக்கு ஆறு மாதக் கூலி. சுதந்திரத்துக்கு ஒரு வருஷ விலை. இப்படிக் கொடுத்தும் கொடுக்க முடியாமலும் டர்பனைச் சுற்றிக் குத்தகை நிலங்களில் கீரையும் கத்தரியும் பயிரிட்டு, விடியற்காலையில் கூடை சுமந்துபோய் வீடு வீடாக விற்ற நம்மவர்களின் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறேன். சொந்த உழைப்பு, சொந்தக் காய்கறி, கைப்பிடி செலவு, நகரத்துக்கு வெளியே ஜாகை. எளிய வாழ்வின் லக்ஷணம் ஒன்று பாக்கியில்லை. ரஸ்கினை அவர்கள் படிக்கவில்லை என்பதைத் தவிரக் குறை சொல்ல இடமில்லாத இந்த வாழ்வை யாரும் பரீட்சையாகக் கண்டு எழுதிவைக்கவில்லை. அவர்களுக்கும் கீழே, சொந்த நாட்டின் பெரும்பகுதியில் நிலம் வாங்கும் உரிமையை 1913-இல் வந்த சட்டத்தால் பறிகொடுத்த ஜூலுக்கள் இருந்தார்கள். நூறு ஏக்கர் வாங்கி எளிமையாக வாழ்வது என்ற சௌகரியமே அவர்களுக்கு மூடப்பட்ட கதவு.

டால்ஸ்டாய் பண்ணைக்கு வரும்போது இந்தக் கலக்கம் இன்னும் நெருங்கி வருகிறது, அங்கே இருவிதமான ஏழ்மைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. 1910-இல் சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகாத நிலையில், லாலி நிலையத்துக்கு அருகே, ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 21 மைலில், தாம் வாங்கிய 1,100 ஏக்கரைக் காந்திஜியின் நண்பர் காலன்பாக் வாடகையின்றி ஒப்படைத்தார்; அதுவே டால்ஸ்டாய் பண்ணை. ஜோஹானஸ்பர்க் இருந்த ட்ரான்ஸ்வாலில் இந்தியன் பெயரில் நிலம் வாங்க 1885-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடாது. ஜெர்மன் யூதரான காலன்பாக்குக்கு அந்தத் தடையில்லை. போராட்டத்துக்கு ஜம்ஷெட்ஜியின் இளைய குமாரர் ரத்தன் டாட்டா பம்பாயிலிருந்து 25,000 ரூபாய் அனுப்பியிருந்தார். ஆக, மண் ஒருவருடையது, பணம் பலருடையது. உழைப்பு மட்டும் அங்கிருந்தவர்களுடையது. சுமார் ஆயிரம் பழமரங்கள் இருந்தன. ஊற்றிலிருந்து 500 கஜம் காவடி கட்டித் தண்ணீர் சுமந்தார்கள். வேலைக்காரன் என்று ஒருவன் கிடையாது. மலத்தை மண்ணில் குழிதோண்டிப் புதைத்து எருவாக்கினார்கள். காலன்பாக், மேரியன்ஹில் மடத்துத் துறவிகளிடம் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சொந்த வேலையாக நகரம் போகிறவன் நடந்துதான் போக வேண்டும்; இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டால் ஆறேழு மணி நேரம்; நான்கு மணி பதினெட்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்ததே மிகக் குறைந்த காலம். நகரத்தில் காசு செலவழியக்கூடாதென்று, பண்ணையில் அரைத்த மாவின் ரொட்டி, வெண்ணெயைவிட நான்கு மடங்கு மலிவான வறுத்த நிலக்கடலை விழுது, ஆரஞ்சு மர்மலேட் எல்லாம் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். வாழ்நாளெல்லாம் கூடை சுமந்து தெருத் தெருவாக வியாபாரம் செய்தவனை, இருபத்தொரு மைல் நடந்தால் ரயில் கட்டணம் மிச்சம் என்று புத்தி சொல்லி நடக்கவைத்தபோது அவன் உள்ளுக்குள் சிரித்திருக்க மாட்டானா என்று எனக்கு ஒரு சந்தேகம். சுகாதாரமும் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கிவரும் பொறுப்பும் சத்தியாக்கிரகி தம்பி நாயுடுவுடையவை. தன்னிறைவுப் பண்ணைக்கும் சந்தைக்குப் போக ஓர் ஆள் வேண்டியிருந்தது. பதினோரு மணிக்குச் சோறும் பருப்பும் என்று சாப்பாட்டு விவரம் இருக்கிறது. கோதுமையை அரைத்துக்கொள்ளலாம், அந்தக் குளிர்ந்த பீடபூமியில் நெல்லுக்கு எங்கே போவது?

அந்தச் சாப்பாட்டை எதில் பரிமாறினார்கள் என்பதையும் காந்திஜி குறிப்பிட்டிருக்கிறார். சிறையில் கைதிக்குக் கொடுப்பது போன்ற ஒரே கிண்ணம். பண்ணையிலேயே செதுக்கிய மரக்கரண்டி. உடுப்பும் ஏறக்குறையக் கைதி உடுப்பின் மாதிரியில் முரட்டு நீலத்துணி. சிறைக்குப் போகப் பயமில்லாமல் இருப்பதற்கான ஒத்திகை என்று கொண்டால் இதில் ஆழ்ந்த புத்திசாலித்தனம் இருக்கிறது. எதை இழப்போம் என்று அஞ்சுகிறோமோ அதை முன்கூட்டியே இழந்துவிட்டவனைச் சர்க்கார் எதைக் காட்டி மிரட்டும்? சிக்கனத்துக்கு நான் கேள்விப்பட்ட நியாயங்களிலெல்லாம் இது ஒன்றுதான் என்னை முழுக்க வாயடைக்கச் செய்கிறது. தோட்டக்காற்றும் தேக ஆரோக்கியமும் மன அமைதியும் பணக்காரன் பணம் கொடுத்தே வாங்கக்கூடியவை. இதை வாங்க முடியாது. ஆனால் ஒத்திகை யாருக்குத் தேவைப்பட்டது? காலன்பாக்குக்குத் தேவைப்பட்டது, அவர் சுகமாக வாழ்ந்து பழகிய கட்டடக் கலைஞர், இறங்கி வந்த ஒவ்வொரு படியும் அவருக்கு ஒரு ஜயம். அவருடைய வைராக்கியத்தைக் குறைத்துப் பேச என் நா எழாது. புருஷன் சிறையிலிருக்க, குழந்தைகளை இழுத்துக்கொண்டு வந்துசேர்ந்த தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு? அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மாமிசம் கேட்டால் கொடுத்தே தீரவேண்டும் என்று காந்திஜி முதலில் நிச்சயித்திருந்தார் என்பதும், பேசிப் பார்த்ததில் அவர்கள் மனமுவந்து மரக்கறிக்குச் சம்மதித்தார்கள் என்பதும் அவரே எழுதியிருப்பவை. சம்மதம் உண்மையானதாகவே இருக்கட்டும். அண்டிவந்த இடத்தில், வணங்கத்தக்க ஒருவர் பணிவோடு கேட்கும்போது, முடியாது என்று சொல்லும் வழி நம் பெண்களுக்கு எந்தக் காலத்தில் பழக்கப்பட்டிருந்தது? கருவாட்டுக் குழம்பின் வாசனை நினைவுக்கு வந்து சோற்றில் கை நின்ற ஒருத்தியாவது அந்தப் பந்தியில் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன், அவளும் சம்மதித்தவள்தான்.

காந்திஜி அந்தப் பண்ணையைக் கடைசிப் போராட்டத்துக்கான பயிற்சி என்றே மதித்தார். 1913-இல், பண்ணையில் வசித்த பெண்கள் பதினொருவர், பெரும்பாலோர் தமிழர், ஆறு பேர் கைக்குழந்தைகளோடு, கைதாவதற்கென்றே மாகாண எல்லை தாண்டி, அங்கே யாரும் கைது செய்யாமற்போகவே நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளிகளிடம் 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள்; அவர்கள் பேச்சில் சுரங்கங்கள் நின்றன; அதன்பின் அந்தப் பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. இந்தத் துணிச்சலைப் பண்ணை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததா, அல்லது குறைந்ததைக் கொண்டு நாளை ஓட்டும் வித்தையை அவர்களிடமிருந்து பண்ணை கற்றுக்கொண்டதா என்ற கேள்விக்கு நான் எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய மாட்டேன். என் மனம் சாய்கிற பக்கத்தை மறைக்கவும் மாட்டேன். சுரங்கத்தை விட்டு வெளியேறியவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக்கூடப் போட்டுவிட்டு வந்தார்கள். நவம்பர் 6-ஆம் தேதி ட்ரான்ஸ்வாலை நோக்கி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். தலைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. அத்தனை ரொட்டியையும் போக்ஸ்ரஸ்ட் ஊர் வெள்ளைக்கார ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் விலைக்குச் சுட்டு, எடை குறையாமல், ரயிலேற்றி அனுப்பினார். சொந்த மாவாவது, சொந்த அடுப்பாவது; அன்றைக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை, கடை ரொட்டி நேரத்துக்கு வந்துசேர்ந்ததே பாக்கியம்.

1914-இல் வரி ரத்தாயிற்று. காந்திஜி கப்பலேறிவிட்டார், பீனிக்ஸ் பிள்ளைகள் அவருக்கு முன்னும் பின்னுமாக இந்தியா வந்து, சாந்திநிகேதனத்திலும் சாபர்மதியிலும் தங்கள் எளிமையைத் தொடர்ந்தார்கள். டர்பனைச் சுற்றிய குத்தகைக் கொல்லைகளில் நம்மவர்கள் முன்போலவே விடியுமுன் எழுந்து கூடை தூக்கினார்கள், வருஷத்துக்கு 3 பவுன் கையில் மிஞ்ச. அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இன்னும் சிக்கனமாக வாழப் பழகியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கூரைக்குத் தகரம் வாங்கியிருப்பார்கள். பெண்ணுக்குத் தோடு வாங்கியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கியிருப்பார்கள். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அவன் மண்வெட்டியைத் தொடாமல் பட்டணத்தில் குமாஸ்தாவாகப் போகவேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருப்பார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.